முழுப்பழமா, சாறா, ஸ்மூத்தியா, உலர்பழமா? குடலும் இதயமும் எதைக் கேட்கின்றன

ஓர் ஆப்பிளைத் தோலோடு கடித்துத் தின்றால் ஏறக்குறைய 4 கிராம் நார்ச்சத்து உள்ளே போகும். அதையே பிழிந்து வடிகட்டினால் ஒரு டம்ளருக்கு அரை கிராம் தேறினாலே அதிகம். சர்க்கரை மட்டும் குறையாது. டம்ளர் நிறைய ஒரு பழம் போதாது என்பதால் இரண்டு மூன்று பழங்களின் சர்க்கரை சேர்ந்தே வரும்.

குடலைக் கேட்டால் முழுப்பழம்தான். நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி நம்மிடம் கிடையாது. அதனால் அது அப்படியே பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். சாற்றின் சர்க்கரை பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சக்கை என்று நாம் தூக்கி எறிவதுதான் அந்த பாக்டீரியாக்களின் சாப்பாடு.

இதயத்துக்கான பலனிலும் பாதி இந்தச் சக்கையில்தான் இருக்கிறது என்பேன். பழத்திலுள்ள பெக்டின் என்ற கரையும் நார், பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. 2013இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் முழு ஆப்பிள், தெளிந்த சாறு இரண்டையும் ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு வாரங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். சாறு குடித்த வாரங்களில் எல்டிஎல் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. இருபத்துச் சொச்சம் பேர்தான், சின்ன ஆய்வு. பெரிய கணக்கு வேண்டுமென்றால் சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு இருக்கிறது, 2016இல் வெளியானது. தினமும் பழம் சாப்பிட்டவர்களிடம் இதய, ரத்தநாள நோய் மரணம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. ஆனால் அவர்கள் வசதியும் படிப்பும் கூடியவர்கள், புகைப்பதும் குறைவு. அதையெல்லாம் கணக்கில் கழித்தே இந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்றாலும், முழுப் பெருமையையும் பழத்துக்கே கொடுக்க எனக்குத் துணிவில்லை.

பழத்தை அப்படியே மிக்சியில் அரைத்துக் குடிக்கும் ஸ்மூத்தி இடைப்பட்டது. வடிகட்டாதவரை நார் அதிலேயே இருக்கும். சிக்கல் வேகத்தில். 1977இல் வந்த ஓர் ஆய்வில், ஆப்பிளைத் தின்பதைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள், பசியும் அவ்வளவாக அடங்கவில்லை. அரைத்த கூழ் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

உலர்பழத்தைப் பலர் மிட்டாயோடு சேர்த்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை. நார் அப்படியே இருக்கிறது. மலச்சிக்கலுக்கு உலர்ந்த பிளம்ஸை இசப்கோலோடு மோதவிட்டதில் பிளம்ஸ்தான் ஜெயித்தது. நாருடன் அதிலுள்ள சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் மலத்தை இளக்கும். கைப்பிடி அளவோடு நிறுத்தத் தெரிந்தால் சாற்றைவிட இது எவ்வளவோ மேல்.

எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களுக்கு ஆப்பிள், பேரிக்காய் வயிற்றை உப்ப வைக்கும். அவர்களுக்கு ஆரஞ்சு, கிவி ஒத்துப்போகலாம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் கிரேப்ஃப்ரூட்டை (திராட்சையல்ல, ஆரஞ்சு இனத்துப் பெரிய பழம்) தொடுமுன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். இங்கே பழமானாலும் சாறானாலும் ஒன்றுதான், இரண்டுமே ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.