பிக்கப்பில் நானே பொருத்திய ஆடியோ: கதவுகள் தந்த நிறைவும் பின்சுவர் தரும் தொல்லையும்

என்னுடையதைப் போன்ற நான்கு கதவு பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர், கம்பெனி ஆடியோவை மாற்றும் வேலையைத் தானே செய்யலாமா, செய்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். என் வண்டியில் இருப்பவை அவருக்குத் தெரியும்: புதிய ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டி), முன்கதவுகளில் ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர்கள் (கீச்சொலிக்குத் தனி ஸ்பீக்கர் கொண்டவை), பின்கதவுகளில் கோஆக்சியல் (இரண்டும் ஒன்றாகவே இருப்பவை), பின்சீட்டுக்கு அடியில் ஒலியைப் பெருக்கும் ஐந்து சேனல் கிளாஸ் டி ஆம்ப், அதன் பக்கத்திலேயே மூடிய பெட்டிக்குள், ஆழ்ந்த பாஸுக்கென்றே உள்ள பத்து அங்குல மெல்லிய சப்வூஃபர். இவற்றின் வாட் கணக்கையும் ஓம் கணக்கையும் எங்கும் படித்துக்கொள்ளலாம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நெடுநாள் ஓட்டிய பிறகு சொல்லத் தகுந்தவையாக எனக்குப் படுபவை இரண்டுதான். ஒன்று கதவுகள், மற்றொன்று, இன்றுவரை என்னை நிம்மதியாகப் பாட்டுக் கேட்க விடாத கேபினின் பின்சுவர்.

கதவிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் செலவிட்ட உழைப்புக்கு முழுப் பலனும் கிடைத்த இடம் அதுதான். கதவின் உள்பக்க ட்ரிம்மைக் கழற்றினால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதை உரித்தால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் தெரியும். அவற்றின் வழியே வெளித்தகடு தெரியும். அந்த வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலி தகர டின்னைத் தட்டியதைப் போல ஒலி எழுந்து, சற்று நேரம் இழுத்துக்கொண்டே அடங்கும். ஸ்பீக்கர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தத் தகடும் கூடவே பாடிக்கொண்டிருக்கும் வரை அதன் தரம் வெளியே வராது. ஓட்டைகளின் சங்கதி இதைவிட மோசம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே தள்ளும் காற்றும் எதிரெதிரானவை. பின்பக்க ஒலி ஓட்டைகள் வழியாக முன்னால் கசிந்து வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் காணாமல் போவது பாஸ்தான். கம்பெனி ஸ்பீக்கரில் பாஸ் இல்லை என்று குறைப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் இல்லாதது ஒழுங்காக அடைக்கப்பட்ட கதவு.

பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய டேம்பிங் ஷீட்டை, அதாவது அதிர்வைத் தணிக்கும் தாளை, வெளித்தகட்டின் உட்புறம் ஒட்டி, சிறு உருளையால் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தித் தேய்த்தேன். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. பரப்பில் கால்பங்கு மூடினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும். மிச்ச ஷீட்டை உள்தகட்டின் ஓட்டைகளை அடைக்கப் பயன்படுத்துவதே அறிவு. கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. மூடினால் தண்ணீர் தேங்கிக் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்தையும் மரத்தூள் பலகையில் செய்யாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் நீர் பட்டு அது ஊதிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் வளையம் எந்தத் தொந்தரவும் தராது.

ஒட்டி முடித்து மீண்டும் தட்டியபோது கேட்டது வறண்ட ஒரு 'டப்'. அவ்வளவுதான், இழுப்பே இல்லை. கதவைச் சாத்தினால் எடைகூடிய, அடக்கமான ஓசை வருகிறது. நான் சிறிதும் எதிர்பாராதது, ஓட்டும்போது கிடைத்த அமைதி. லேடர் ஃப்ரேமும் (ஏணி போன்ற அடிச்சட்டம்) பெரிய டயர்களும் கொண்ட வண்டியில் சாலை இரைச்சல் கதவுத் தகட்டின் வழியாகவே எவ்வளவு நுழைந்துகொண்டிருந்தது என்பது அது குறைந்த பிறகுதான் புரிந்தது. பாட்டே போடாமல் ஓட்டினாலும் இந்த வேலை பலன் தருகிறது. பாட்டுப் போட்டாலோ, பாடுபவரின் மூச்சிழுப்பும் தந்தியின் மீது விரல் நகரும் உரசலும், ஒலியைக் கூட்டாமலேயே காதில் விழுகின்றன. இதற்குப் பிறகு ஹெட் யூனிட்டின் டிலே அமைப்பையும் சரிசெய்யுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் கடக்கிறது. ஓட்டுநருக்கு அருகிலிருக்கும் கதவின் ஒலியை, எதிர்க்கதவுக்கும் அதற்கும் உள்ள தூர வேறுபாட்டுக்கு ஏற்ப ஒன்று இரண்டு மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் பாடகர் நேர் எதிரே, டேஷ்போர்டின் நடுவில் வந்து நிற்கிறார்.

ஒயரிங் வேலையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பொறுமை இருந்தால் போதும். ஆனால் விற்பனையில் நடக்கும் ஒரு காரியத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆம்ப் ஒயரிங் கிட் என்று பெட்டியில் வருபவற்றில் பல செம்பு பூசிய அலுமினியக் கம்பிகள். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். அப்படியிருக்க, அதே தடிமன் எண்ணை அச்சிட்டு, அதே மின்னோட்டத்தைத் தாங்கும் என்று நம்பவைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதன்றி வேறில்லை. சப்வூஃபர்களின் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட்டும் அதே ரகம். தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள். முழுச் செம்புக் கம்பியை வாங்கி, பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வைத்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்புக்கான வளையம்) போடுங்கள். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பதற்கு அல்ல, கம்பி எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பதற்கு. ட்ரிம்களில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுவிட வேண்டும், பக்கத்தூண்களில் திரை ஏர்பேக் இருந்தால் எந்த ஒயரும் அதன் முன்புறமாகப் போகக் கூடாது.

எர்த் எடுப்பதில் பிக்கப்புக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேபின் ஃப்ரேமோடு பற்றவைக்கப்பட்டதல்ல; ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் தடித்த நெகட்டிவ் கம்பி எஞ்சினுக்கும் ஃப்ரேமுக்கும் போயிருக்க, கேபினுக்கு மெல்லிய ஒரு பட்டை மட்டுமே வந்திருக்கும் வண்டிகள் உண்டு. ஆம்பைக் கேபினின் தகட்டில் எர்த் செய்தால் அத்தனை மின்னோட்டமும் அந்த மெல்லிய பட்டை வழியே திரும்ப வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஏறும் 'ங்ஙீ' என்ற ஆல்டர்னேட்டர் இரைச்சலுக்குப் பல வண்டிகளில் இதுவே காரணம். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் எர்த் எடுத்ததோடு, கேபினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே தடித்த கம்பி ஒன்றைக் கூடுதலாகப் போட்டேன். என் வண்டியில் அந்த இரைச்சல் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. சீட்பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உயிர் காக்கும் போல்ட்டைக் கழற்றி அதன் கீழ் ஒயர் செருகுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆம்பின் கெய்ன் திருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒலியைக் கூட்டும் திருகு அல்ல. ஹெட் யூனிட் தரும் வோல்ட்டேஜுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு 75 வாட் போக வேண்டுமானால் முனைகளில் 17.3 வோல்ட் ஏசி இருக்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் அந்த எண் வரும்வரை திருகி நிறுத்தினால் தீர்ந்தது. காதை நம்பித் திருகுகிறவர்கள்தான் ஸ்பீக்கரைக் கருக்குகிறார்கள்.

இனி சப்வூஃபர். நியாயமாகப் பேச வேண்டுமானால் முதலில் பாராட்ட வேண்டும், ஏனெனில் பிக்கப் கேபின் அளவில் சின்னது, அந்தச் சின்ன அளவே பாஸுக்குக் கொடை. 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியின் அரை அலைநீளம் கேபினின் நீளத்தைத் தாண்டிவிடுவதால், அதற்குப் பிறகு சப்வூஃபர் அலைகளை அனுப்புவதைவிட, மூடிய அறையின் காற்றழுத்தத்தையே ஏற்றி இறக்குகிறது. ஆகவே அதிர்வெண் குறையக் குறைய ஒலி வலுக்கிறது. மூடிய பெட்டி சப்வூஃபரின் ஒலி அதே திசையில் இயல்பாகவே தேய்ந்துகொண்டு போகும். தேய்வை வலுப்பு ஈடுகட்டிவிடுவதால், சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் அந்த மெலிந்த பெட்டியிலிருந்து வீட்டில் பெரிய ஸ்பீக்கர்களிலும் கிடைக்காத ஆழம் கிடைக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்கு மேலே கதவுகள், கீழே சப்வூஃபர் என்று பிரித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். தோல்வாத்தியத்தின் இடந்தலையில் உள்ளங்கை விழுந்து அழுந்தும் கும்காரம் முதுகுத்தண்டில் இறங்குகிறது. இந்த வண்டியில் நான் கேட்டவற்றிலேயே மிக அழகான ஒலி இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

அந்த அழகைக் கெடுப்பதற்கென்றே பின்சுவரில் ஒரு படபடப்பு இருக்கிறது. சப்வூஃபரைப் பொருத்திய நாள் முதல், பாஸ் ஆழமாக இறங்கும் சில ஸ்வரங்களில் மட்டும் தலைக்குப் பின்னால் யாரோ காகிதத்தை வேகமாக உதறுவது போன்ற சத்தம். ட்ரிம் கிளிப்கள், ஜாக்கி வைக்கும் அறை, சீட்பெல்ட் கொக்கி, நம்பர் பிளேட் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பஞ்சு ஒட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒற்றை அதிர்வெண் ஒலியை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே பின்சீட்டைச் சாய்த்து, சுவரின் கார்ப்பெட்டை விலக்கினேன். 40 ஹெர்ட்ஸை ஒட்டி வந்ததும், சுவரில் பதித்திருந்த செவ்வக பிளாஸ்டிக் சட்டத்தின் மெல்லிய ரப்பர் மடிப்புகள் ஒன்றின் மேலொன்றாகத் துடிப்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். விரலை வைத்ததும் சத்தம் நின்றது, எடுத்ததும் தொடங்கியது.

அவை கேபினின் காற்றுப்போக்கிகள். கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்றை வெளியேற்றுவதும், ஏசியோ ஃபேனோ உள்ளே தள்ளும் காற்றுக்கு வெளிவழி தருவதும் அவற்றின் வேலை. அடைத்துவிட்டால் கதவு ஓங்கி அறைந்தால்தான் மூடும்; உள்ளே காற்றோட்டம் தளர்ந்து கண்ணாடியில் ஆவி படியும். கார்களிலும் இவை உண்டு. ஆனால் அங்கே பின்பம்பருக்கு உள்ளே, பூட் எனும் டிக்கியின் மூலையில் இருப்பதால் யார் காதிலும் விழுவதில்லை. பிக்கப்பில் பூட் ஏது? பின்சீட்டுக்கும் சரக்குத்தொட்டிக்கும் நடுவே ஒரே ஒரு தகட்டுச் சுவர், அதில் இவை. வண்டியை வடிவமைத்தவர்களை நோக நியாயமில்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. அவர்கள் சப்வூஃபரைக் கணக்கில் எடுத்து வண்டி செய்யவில்லை. மடிப்புகளும் தமக்கிட்ட பணியைத்தான் செய்கின்றன. ஆனாலும் இத்தனை விலை உள்ள வண்டியில் மடிப்பு உட்காரும் விளிம்பில் நூலளவு ஃபோம் கூட வைக்க மனம் வரவில்லையே என்ற ஆதங்கம், அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் வந்துவிடுகிறது.

விளிம்பில் மென்மையான ஃபோம் பட்டை ஒட்டியதில் பாதி குறைந்தது. சட்டத்துக்குள் ஓரிடத்தில் முறுகிப்போயிருந்த ரப்பரைச் சட்டத்தோடு புதிதாக மாற்றியதும் சத்தம் மேலும் கொஞ்சம் அடங்கியது. சமநிலையாக்கியில் (ஈக்வலைசரில்) 40 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டிப் பார்த்தேன். படபடப்போடு அந்தக் கும்காரமும் போய்விட்டதால் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது குறைந்த ஒலியில் ஒன்றும் தெரிவதில்லை. மனம் லயித்துச் சற்றுக் கூட்டி வைக்கும் தருணத்தில்தான், சொல்லிவைத்தாற்போல் வருகிறது. பின்சீட்டில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. எங்கிருந்து வருகிறதென்று தெரிந்துகொண்ட காதுக்கு அந்த நிம்மதி கிடையாது.

அண்மையில் சப்வூஃபரின் கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயிலுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்து, அதைப் பழுதுபார்க்கக் கழற்ற வேண்டியிருந்தது. அது இல்லாத நாட்களில் முன்கதவுகளுக்குத் தாழ்ந்த ஒலி போகாமல் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு இறக்கி ஓட்டினேன். ஆழம் குறைந்தது உண்மை. ஆனால் அடைக்கப்பட்ட கதவுகள் தந்த பாஸ் முறுக்காகவும் நேர்மையாகவும் இருந்தது. பின்னால் ஓர் அசைவு இல்லை. ஒரு பாட்டு முழுவதையும் பின்சுவருக்குக் காது கொடுக்காமல் கேட்க முடிந்தது. சீட்டுக்கு அடியில் கருவிப்பையும் மடிந்து உட்கார்ந்தது. பழுது நீங்கி வந்ததும் சப்வூஃபரை மீண்டும் பொருத்திவிட்டேன், ஏனெனில் அந்த இடந்தலை ஒலியை என்னால் விட முடியவில்லை.

ஆனால் நண்பருக்கு என் பதில் இதுதான்: வேலையை நீங்களே செய்யுங்கள், சப்வூஃபர் மட்டும் வேண்டாம். அந்தக் காசை நான்கு கதவுகளின் டேம்பிங் ஷீட்டுக்கும் ஒழுங்கான செம்புக் கம்பிக்கும் நான்கு சேனல் ஆம்புக்கும் போடுங்கள். மேலே நான் எழுதிய பாராட்டைப் படித்துவிட்டு ஆசை வந்தே தீருமானால், பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் பின்சீட்டைச் சாய்த்து, சுவரில் அந்த மடிப்புகள் எங்கே இருக்கின்றன, ரப்பர் முறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி அவற்றை மறைக்காத அளவில் இருக்கட்டும், சப்வூஃபரின் வாய் அவற்றை நோக்கி இருக்க வேண்டாம். விளிம்பு ஃபோமையும் சீட்டையெல்லாம் திரும்பப் பூட்டுவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். பெட்டியை வைத்த பிறகு அந்த இடத்துக்குக் கை எட்டாது.