செப்டம்பர் வில் வேட்டையும் அதற்கான நிலமும்: விஸ்கான்சினில் பல ஆண்டு அனுபவம்

விஸ்கான்சின் மாநிலத்தில் மான்களுக்கான வில் வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. இங்குள்ள வேட்டைக்காரர்களில் பலரும் நவம்பருக்காகத்தான் காத்திருப்பார்கள். அது மான்கள் இணையும் காலம். ஆண் மான் பிணையைத் தேடிப் பகலிலேயே அலையும். எனக்கோ பருவத்தின் முதல் சில வாரங்கள்தான் பிடித்தமானவை. அப்போது மானுக்கு ஒரு நடைமுறை உண்டு: பகலில் அடர்ந்த புதருக்குள் படுத்து அசைபோடும், பொழுது சாயும்போது எழுந்து மேய்ச்சலுக்கு வரும். அந்த வழித்தடம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் நிலத்தில் நாம் செய்துவைத்த வேலை பலித்ததா இல்லையா என்பது செப்டம்பரில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பல பருவங்களாக ஒரே நிலத்தில், ஏறக்குறைய ஒரே கருவிகளோடு வேட்டையாடி வருகிறேன். வில்லின் விலையைவிடவும், பயிரின் பசுமையைவிடவும் முக்கியமானது, மரத்தில் கட்டி உட்காரும் பரணுக்கு நாம் போய்வரும் பாதை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

நிலம் சாக் கவுண்டி என்ற மாவட்டத்தில், பராபூ நகருக்கு மேற்கே, ஒரு பால்பண்ணைக் குடும்பத்துக்குச் சொந்தமானது. வேலி பழுதுபார்ப்பதும் விறகு வெட்டிக் கொடுப்பதும் என் பங்கு. வேட்டைக்கு அனுமதி அவர்கள் தருவது. பனியாறுகள் சமன்செய்யாமல் விட்டுப்போன பகுதி என்பதால் மேடும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும். மேட்டில் ஓக் மரங்கள், அடியில் சோளமும் சோயாவும் குதிரைமசாலும், நடுவில் ஓர் ஓடை. இந்த மாவட்டத்துக்கு வில் வேட்டை வரலாற்றில் தனி இடம் உண்டு. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவத்தை அறிவித்தபோது, அது நடந்தது சாக், கொலம்பியா ஆகிய இரண்டு கவுண்டிகளில்தான். வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபால்டின் பண்ணைக் குடிசையும் பராபூவுக்கு அருகில்தான் இருக்கிறது. அவர் தம் வில்லைத் தாமே செதுக்கிக்கொண்டவர்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது சரியான சட்டம். இங்கே நிலைமை வேறு. மான்கள் பெருகி நிற்கின்றன. எத்தனை பெண் மான்களுக்கு அனுமதிச்சீட்டு தருவது என்பதை அரசு பகுதிவாரியாகத் தீர்மானிக்கிறது. 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். வில், அம்புமுனை விற்பனையில் வசூலாகும் 11 சதவீதக் கூட்டாட்சி வரி, 1937இல் வந்த ஒரு சட்டத்தின் வழியாக மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கே திரும்பிச் செல்கிறது.

வில்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். என்னுடையது உருளைகள் பூட்டிய காம்பவுண்ட் வில். இழுவிசை 60 பவுண்டு. சட்டம் கேட்பது 30 பவுண்டுதான். வாங்கியபோதே சந்தையில் நடுத்தர விலையில் இருந்தது. நாணுக்கு மெழுகிட்டு, இழை பிசிறத் தொடங்கினால் மாற்றிவந்தால் போதும். இத்தனை ஆண்டுகளில் புதிய வில் தேவை என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அம்புமுனையில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பாயும்போது விரியும் முனைகளை விட்டுவிட்டு, நிலையான அலகுள்ள முனைக்கு வந்துவிட்டேன். எலும்பில் பட்டாலும் அது தடுமாறுவதில்லை, வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தின் மேல் அலகை அழுத்தாமல் வைத்தாலே அது அறுந்துவிட வேண்டும். அறாத அலகு என் தூணிக்குள் போகாது.

தூரம் இருபது கஜம். அதற்கு மேல் நான் எய்வதில்லை. இதற்குக் காரணம் கைத்திறனைவிட மானின் காதுதான். அம்பு நொடிக்கு 270 அடி போகிறது என்றால், நாணின் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகிறது. இருபது கஜத்தில் அம்பு போய்ச்சேரக் கால் நொடிக்கும் குறைவு. நாற்பது கஜத்தில் அரை நொடியை நெருங்கிவிடும். ஓசை கேட்டவுடன் பாய்வதற்காகக் காலை மடக்கித் தாழும் மானுக்கு அந்த அவகாசம் தாராளம். நுரையீரலுக்கு எய்த அம்பு முதுகில் பட்டு, விலங்கு வலியோடு ஓடுவதற்கு இந்தச் சின்னக் கணக்கை மதிக்காததே பெரும்பாலும் காரணம்.

இனி நிலம். வேலை மார்ச்சில் தொடங்குகிறது, பனி முழுவதும் உருகும் முன்பே.

முதலில் மண் பரிசோதனை. எங்கள் மேட்டு மண் புளிப்பேறியது. சுண்ணாம்பு போடாமல் எதை விதைத்தாலும் பணம் வீண். சுண்ணாம்பு மண்ணோடு கலந்து வேலை செய்யப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால் அதை முந்தைய இலையுதிர்காலத்திலேயே தூவிவிடுகிறோம். மார்ச்சில் வெள்ளைக் குளோவர் என்ற தீவனப் பயிரின் விதை. இதற்கு ஏர் ஓட்டவே வேண்டாம். இரவில் மண் உறைந்து விரிகிறது, பகலில் இளகிச் சுருங்குகிறது. அப்போது மேற்பரப்பில் பொடிப்பொடியாக வெடிப்புகள் விழும். கையால் வீசிய விதை அந்த வெடிப்புகளுக்குள் தானே இறங்கிக்கொள்ளும். ஒருமுறை வேரூன்றிய குளோவர், களையைத் தலைதட்டி வெட்டிக்கொண்டிருந்தால் சில ஆண்டுகள் தாங்குகிறது. என் அனுபவத்தில் செலவுக்குத் தகுந்த பலன் தந்த பயிர் இதுதான். ஆகஸ்ட் கடைசியில் வெற்றிடங்களில் ரை தானியத்தை மழைக்கு முன் தூவுவேன். எந்த மண்ணிலும் முளைக்கும், விலையும் குறைவு. செப்டம்பர் நடுவில் அது விரல் உயரத் தளிராக நிற்கும்போது மான்கள் அதைத்தான் முதலில் கடிக்கின்றன.

கொம்பு படம் போட்ட பையில் வரும் கலப்பு விதைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பையின் பின்புறச் சீட்டைப் படித்தால் பாதிக்கு மேல் சாதாரண ரையும் ஓட்ஸும்தான் இருக்கும். அதை உள்ளூர் விதைக் கடையில் மூட்டையாக வாங்கிவிடலாம். டர்னிப்பும் எங்கள் நிலத்தில் செப்டம்பருக்கு உதவவில்லை. உறைபனி விழுந்த பிறகே மான்கள் அதைத் தொட்டன.

இத்தனையும் செய்த பிறகு, வெள்ளை ஓக் நன்றாகக் காய்த்துவிட்டால் மான்கள் பயிரை மறந்துவிடும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு. செப்டம்பரில் உதிரத் தொடங்கியதும் மான்கள் காட்டுக்குள்ளேயே வயிறு நிரப்பிக்கொள்ளும். அதே வாரங்களில் சோயா இலையும் மஞ்சளாகிச் சுவை இழக்கிறது. ஆகையால் குளிர்காலத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது மரங்களிடம்தான். ஓக்கைச் சுற்றி மொய்த்திருக்கும் பக்தார்ன் புதர்களை வெட்டுகிறேன். அது அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய களை. நிழல் விலகிய ஓக் விரிந்து வளர்கிறது. மானுக்கு மறைவிடம் வேண்டும் என்பதற்காகச் சிறு மரங்களைப் பாதி அறுத்து உயிரோடு சாய்த்துவிடும் முறையும் உண்டு. பலன் இருக்கிறது, மான்கள் அங்கே படுக்கின்றன. ஆனால் இழுவிசையில் நிற்கும் அடிமரம் அறுக்கும்போது பிளந்து முகத்துக்கே வரக்கூடும். பழகியவர் துணையில்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

உப்புக்கட்டியோ கொட்டிய சோளமோ இந்தக் கவுண்டியில் கூடாது; நோய்ப் பரவலைத் தடுக்கத் தடை இருக்கிறது. விதைத்து வளர்த்த பயிர் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

பாதைக்கு வருகிறேன். என் முக்கியப் பரண் குளோவர் பாத்தியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பண்ணைச் சாலையிலிருந்து நேராக நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் அந்த வழி மான்கள் படுக்கும் சரிவுக்கு மேலே போகிறது. எனவே ஓடைக் கரையோரமாகச் சுற்றிப்போகும் ஒரு தடத்தை வெட்டினோம். ஓடையின் சலசலப்பு காலடியோசையை மறைக்கிறது, கரை உயரமாக இருப்பதால் ஆளும் தெரிவதில்லை. கோடைக் கடைசியில் அந்தத் தடத்தில் கிளைகளைக் கழித்துவிட்டு, பருவம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு சருகுகளையும் கூட்டிவிடுவேன். இந்தத் தடம் வந்த பிறகுதான் இருட்டுவதற்கு முன்பே மான்கள் பாத்திக்கு வரத் தொடங்கின. அந்த ஆண்டு வில்லும் பயிரும் பரணும் பழையவைதாம்.

காற்று இன்னொரு பெரிய விஷயம். இந்த ஊர் வயலோரங்களில் மில்க்வீட் என்ற செடி வளர்கிறது. நம் எருக்கின் குடும்பம். காய் முற்றினால் எருக்கம் பஞ்சுபோலவே வெண்பட்டு இழைகள் பிரியும். ஓர் இழையைப் பரணிலிருந்து விட்டால் காற்றின் போக்கு முழுவதையும் அது வரைந்து காட்டிவிடும். வெயில் இருக்கும்வரை மேலே மிதந்து மேட்டை நோக்கிப் போகும். சரிவில் நிழல் விழுந்ததும் சட்டென்று தாழ்ந்து, தண்ணீர் ஓடும் திசையிலேயே பள்ளத்துக்கு இறங்கும். குளிர்ந்த காற்று கனத்து இறங்குவதுதான் காரணம். மாலையில் என் வாடை ஓடைப் பக்கம் போய்விட வேண்டும் என்று கணக்கிட்டே அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

செப்டம்பரில் காலை வேட்டைக்கு நான் போவதில்லை. விடியும் முன் மான்கள் வயலிலேயே நிற்கும். நாம் நடந்துபோய்க் கலைத்துவிடுவோம். மாலையிலும் திரும்பும்போது இதே சிக்கல்: இருட்டிய பிறகு பாத்தியில் மான்கள் நிற்க, மரத்திலிருந்து மனிதன் இறங்குவதை அவை பார்த்தால் அந்தப் பரண் அந்த ஆண்டுக்குப் பாழ். பண்ணைக்காரர் தம் வண்டியை ஓட்டிக்கொண்டு பாத்திக்கு ஒரு சுற்று வருவார். தினமும் பார்க்கும் வண்டி என்பதால் மான்கள் பதறாமல் ஒதுங்கும். பிறகு நான் இறங்குவேன்.

தானியங்கிக் கேமராக்களை இரண்டாம்பட்சமாகவே வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் கொம்பில் மென்தோல் போர்த்திய ஆண் மான்கள் கூட்டமாகப் படத்தில் விழும், ஆசை வளரும். செப்டம்பர் முதல் பாதியில் அந்தத் தோல் உரிந்ததும் கூட்டம் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

பரணின் கட்டுவார்களை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். வெயில் அவற்றை நைந்துபோகச் செய்கிறது, அணில்கள் கடிக்கின்றன, மரம் பருத்து இறுக்குகிறது. தரையிலிருந்து கால் எடுத்ததுமே உடலைச் சுற்றி அணியும் பாதுகாப்பு வார், மரத்தில் கட்டிய உயிர்க்கயிற்றில் மாட்டியிருக்க வேண்டும். இதில் விலக்கே கிடையாது. உண்ணிகளும் அப்படித்தான். உண்ணி கடித்துத் தொற்றும் லைம் நோய் இங்கே சர்வசாதாரணம். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்து உலர்த்திய உடையும், வீடு திரும்பியதும் உடல் முழுக்கச் சோதனையும் கட்டாயம்.

அம்பு பட்ட பிறகு வெப்பம்தான் எதிரி. நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும். அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். செப்டம்பர் இரவில் அந்தக் காத்திருப்பு இறைச்சியைக் கெடுக்கவும் கூடும். இருபது கஜத்துக்கு மேல் எய்யாமல் இருக்க இது இன்னொரு காரணம். மான் கிடைத்ததும் அங்கேயே குடலை நீக்கி, வயிற்றுக்குள் பனிக்கட்டிப் பைகளை அடைத்து, அன்றிரவே தோலுரித்துவிடுகிறோம். மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

பிறகு சோதனை. மான்களின் மூளையைச் சிதைக்கும் நாட்பட்ட நலிவு நோய் விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. இந்தத் தென்பகுதிதான் அதன் மையம். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை என்றாலும், நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. தலையைக் கழுத்தின் ஒரு பகுதியோடு மாதிரி சேகரிப்புப் பெட்டியில் வைத்தால் இலவசமாகச் சோதித்துச் சொல்கிறார்கள். முடிவு வரும்வரை ஒவ்வொரு மானின் இறைச்சியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, பதிவு எண்ணை மேலே எழுதி உறைபெட்டியில் வைக்கிறேன். நோய் இல்லை என்று வந்தால் தொடைக்கறியில் பாதி பண்ணை வீட்டுக்குப் போகிறது. மீதி எங்கள் வீட்டில் மிளகு தூக்கலான வறுவலாகிறது. கொழுப்பு குறைந்த கறி என்பதால் அதிகம் வதக்காமல், நல்லெண்ணெயைச் சற்றுத் தாராளமாக ஊற்றுவதுதான் பக்குவம்.