வான்தூரத்தைப் பயண நேரமாகக் காட்டி விற்ற பயணச்சீட்டு: ஓர் எச்சரிக்கை

இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் பெரிய எழுத்தில் காட்டி, அதன் கீழேயே பயணச்சீட்டையும் விற்கும் ஓர் இணைய முகமையால் அண்மையில் ஏமாற்றப்பட்டேன். இத்தகைய தளங்களில் சீட்டு எடுக்கவிருப்போர் கவனத்துக்காக இதை எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் இருந்த நேரம் எந்த விமானத்தின் நேரமும் அன்று. பூமியின் வளைவை ஒட்டி இரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, வந்த விடையைப் பயண நேரம் என்று போட்டிருந்தார்கள். இந்தக் கணக்கின்படி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலுள்ள சுமார் 5,550 கிலோமீட்டரை ஆறு மணி பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் கால அட்டவணைகளோ மேற்கு நோக்கிச் செல்ல ஏறக்குறைய எட்டு மணி நேரமும், மேல்வானில் கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்று துணைக்கு வருவதால் திரும்பி வர ஏழு மணி நேரமும் ஒதுக்குகின்றன. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும், இறங்க அனுமதி கிடைக்காமல் வட்டமடிப்பதும் அந்த வகுத்தல் கணக்கில் வருவதில்லை. ரஷ்ய வான்வெளி 2022இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து சுமார் 13 மணி நேரமாக நீண்டது. தூரக் கணிப்பானைக் கேட்டால் அது இன்றும் பழைய விடையையே சொல்லும்.

இதுவரை வெறும் கவனக்குறைவு எனலாம். அதன் கீழே விற்கப்பட்ட சீட்டில்தான் மோசடி இருந்தது. இடையில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டிய பயணத்தை, காத்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டிக் காட்டியதோடு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விமான நிறுவனங்களின் தனித்தனிச் சீட்டுகளை ஒரே பயணம்போல் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் விமானம் எதிர்க்காற்றில் தாமதமாக இறங்கியது. ஒரே சீட்டாக இருந்திருந்தால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறியிருக்கும். எனக்கோ குடியேற்றப் பரிசோதனையைக் கடந்து, பெட்டிக்காகச் சுழல்பட்டையருகே நின்று, அதை இழுத்துக்கொண்டு புறப்பாட்டு மாடிக்கு ஓட வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் கடிகாரத்தைக் காட்டித் தலையசைத்தார். நான் வராத பயணியாகக் குறிக்கப்பட்டதால் திரும்பி வரும் சீட்டும் சேர்ந்தே ரத்தானது. ஒரே ஒப்பந்தமாக இருந்திருந்தால் மாற்று விமானம் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. இங்கே இரண்டாம் நிறுவனத்துக்கு என் தாமதத்தோடு சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை.

முகமையைக் கேட்டபோது, விதிமுறைகளின் அடியில் "பயணி தாமே மாறிக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். பணம் செலுத்துவதற்கு முந்தைய திரையில் அந்த வரி இல்லை.

உறுதிச்சீட்டில் ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டு இருந்தால், பெட்டி எதுவரை செல்லும், இடைநாட்டுக்குள் நுழைய விசா வேண்டுமா என்று விமான நிறுவனத்திடமே கேளுங்கள். முகமையின் உரையாடல் பெட்டியில் வரும் பதிலை நம்ப வேண்டாம். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சிடப்படும் என்பதால், நேர மண்டல வேறுபாட்டைச் சரிசெய்த பிறகே மொத்த நேரத்தைக் கணக்கிடுங்கள்.

கடன் அட்டை வழியே செலுத்திய தொகையைத் திரும்பக் கேட்டு வங்கியில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணத் திரையின் படத்தையும், முதல் விமான நிறுவனம் தந்த தாமதச் சான்றையும் கேட்டார்கள், இரண்டையும் இணைத்துள்ளேன்.