கிடைக்காரருக்கு எந்த சோலார் சார்ஜர் சரிவரும்?

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் (ஊர் ஊராகப் போய் மந்தை மேய்ப்பவர்கள்) தஞ்சாவூர், திருவாரூர் வயல்களுக்கு வந்துவிடுவார்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து உழவு தொடங்கும் வரை, வயலுக்கு எருவாகட்டும் என்று ராத்திரி ஆடுகளை அடைத்து வைக்கும் கிடை ஊர் ஊராக நகரும். அடுத்த கிடை யார் வயலில், ஒரு ராத்திரிக்கு என்ன கூலி, மேய்ச்சலுக்குப் போனவர் எந்தப் பக்கம் நிற்கிறார், ஊரில் விட்டுவந்த பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று எல்லாமே இப்போது போனில்தான். ஆனால் கிடை போடும் தரிசு வயலில் கரண்ட் கிடையாது. பம்புசெட் கொட்டகையிலோ டீக்கடையிலோ போனைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க போன் கையில் இல்லை. ராத்திரி நாய், நரி பார்க்கும் டார்ச்சுக்கும் இதே பாடு.

வெயிலுக்கோ பஞ்சமே இல்லை. அதனால் சோலார் சார்ஜர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் மலையேறுகிறவர்களுக்காகச் சொல்லப்படும் சிபாரிசை அப்படியே எடுத்துக்கொண்டால் காசு வீண். மலையேறுகிறவர் பகலெல்லாம் நடக்கிறார். கிடையில் ஆடும் ஆளும் மேய்ச்சலுக்குப் போனாலும் சமையல் சாமானும் இளங்குட்டிகளும் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் பகல் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறார்கள். எந்த சார்ஜர் என்பதை முடிவு செய்வது இந்த ஒரு வித்தியாசம்தான்.

முதலில், முதுகில் சோலார் ஒட்டிய பவர் பேங்க். சோலார் சார்ஜர் என்று ஆன்லைனில் தேடினால் முன்னால் வந்து நிற்பது இதுதான். கணக்கைப் பார்ப்போம். அதன் முதுகில் உள்ள தகடு ஏறக்குறைய 14 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 1000 வாட். நல்ல மோனோகிரிஸ்டலைன் செல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். அப்படியானால் இந்தக் கையகலத் தகட்டிலிருந்து மிஞ்சிப்போனால் 2 வாட். சூடு, தூசி, சாய்வு எல்லாம் கழித்தால் ஒன்றேகால் வாட் வந்தாலே பெரிது. நம் பக்கத்து ஒரு நாள் வெயில், சுமார் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். ஆக ஒரு நாளைக்கு 6 வாட்-மணி (ஒரு வாட் ஒரு மணி நேரம் வந்தால் ஒரு வாட்-மணி). 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் நிரம்ப 74 வாட்-மணி வேண்டும். பன்னிரண்டு நாள் காயப்போட வேண்டும். 5000 எம்ஏஎச் ஸ்மார்ட்போன் ஒருமுறை நிரம்பவே 19 வாட்-மணி, அதாவது மூன்று நாள் வெயில்.

அதைவிடப் பெரிய கோளாறு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சார்ஜ் ஏற வேண்டுமென்றால் அதை வெயிலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்து வேகும். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைக் குடிக்கும். சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஒரு கிடையில் அப்படி ஒன்று உப்பி, மூடி பிளந்து கிடந்ததைப் பார்த்தேன். பேட்டரி உப்பிவிட்டால் குத்தவோ, அமுக்கவோ, மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. தீப்பிடிக்கும். வைக்கோல் கிடக்கும் இடத்தில் இது விளையாட்டுக் காரியமில்லை.

கீபேட் போன் மட்டும் வைத்திருப்பவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். 1000 எம்ஏஎச் பேட்டரிக்கு 4 வாட்-மணி போதும் என்பதால் அந்த 6 வாட்-மணியே தாராளம். இருந்தாலும் சூட்டை நினைத்தால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, மடக்கும் பேனல். துணியில் தைத்த மூன்று நான்கு தகடுகள், விரித்தால் சின்னத் துண்டு அளவு, மடித்தால் நோட்டுப்புத்தகம். 20 வாட் பேனல் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ இருக்கும், யூஎஸ்பி முனை அதிலேயே உண்டு. இதில் பேட்டரி கிடையாது. அதுதான் இதன் பலம். பேனல் வெயிலில் காயட்டும், பவர் பேங்க் நீளமான கேபிளில் நிழலில் இருக்கட்டும். பேனலுக்குப் பின்னாலேயே ஒரு பை தைத்திருப்பார்கள், போனை அதில் வைக்கலாம் என்று. வைக்காதீர்கள், அதுவும் அடுப்புதான்.

பெட்டியில் போட்ட வாட்டை நம்புவதற்கு முன் ஒரு ஸ்கேல் எடுங்கள். செல் இருக்கும் பரப்பை மட்டும் அளந்தால், ஒரு சதுர அடிக்கு 20 வாட்தான் ஏறக்குறைய உச்சம். இரண்டு நோட்டுப்புத்தகம் அகலப் பேனலில் 60 வாட் என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடலாம். உண்மையான 20 வாட் பேனலும் 20 வாட் தராது. அந்த எண் செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதித்த எண். வயலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. யூஎஸ்பிக்கு மாற்றும் இழப்பையும் சேர்த்தால் 12 வாட் வரும். அதுவே தாராளம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரே பகலில் நிரம்பிவிடும்.

போனை நேரடியாக இந்தப் பேனலில் மாட்டக் கூடாது. மேகம் ஒன்று கடந்தால் மின்சாரம் சரியும், சார்ஜிங் நிற்கும், வெயில் திரும்பினாலும் சில போன்கள் மறுபடி ஒழுங்காக ஏற்றிக்கொள்ளாது. நடுவில் பவர் பேங்க் இருந்தால் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை. பகலில் பேனலிலிருந்து பவர் பேங்குக்கு, ராத்திரி பவர் பேங்கிலிருந்து போனுக்கு.

நிழல் விஷயத்திலும் கவனம் வேண்டும். பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரே ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே படுத்துவிடும். வாய்க்கால் அடைத்த மாதிரிதான், ஒரு இடத்தில் அடைத்தால் கடைமடை வரை தண்ணீர் போகாது. ஒரு பனை மட்டையின் நிழல் போதும். கருவேல மரத்தடியில் விரித்துவிட்டு ஏறவில்லை என்று சொல்பவர்கள் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். மாசி பங்குனியில் தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் நல்லது. சித்திரை பிறந்தபின் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், தரையில் படுக்கப் போட்டால் போதும்.

வாங்கும்போது மேற்பூச்சையும் கேளுங்கள். பெட் (PET) என்ற பிளாஸ்டிக் பூச்சு சில கோடையிலேயே மஞ்சளித்து உரியும். ஈடிஎஃப்ஈ (ETFE) என்ற பிளாஸ்டிக் பூச்சு விலை கூடுதல், நின்று உழைக்கும். பேனல் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் யூஎஸ்பி பெட்டி நனையக் கூடாது.

மூன்றாவதை ஆன்லைன் சிபாரிசுகளில் அநேகமாக யாரும் சொல்வதில்லை. கிடைக்கு என் முதல் தேர்வு அதுதான். டவுனில் எலக்ட்ரிகல் கடையிலோ பேட்டரிக் கடையிலோ கிடைக்கும் கண்ணாடி பேனல், 12 வோல்ட், 20 வாட். அலுமினியச் சட்டம், இரண்டு கிலோவுக்குள் எடை. கூடவே பேட்டரியில் அளவுக்கு மீறி ஏறாமல் பார்த்துக்கொள்ளும், யூஎஸ்பி முனை வைத்த ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. முதுகில் சுமப்பவருக்கு இது நினைத்தே பார்க்க முடியாத பாரம். சாமானை டிவிஎஸ் 50-யிலோ குட்டியானையிலோ ஏற்றி அடுத்த வயலுக்குப் போகிறவருக்குப் பாரமே இல்லை. கண்ணாடி பேனல் பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும். தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். எது பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம், பக்கத்து டவுனிலேயே. மடக்கும் பேனலில் யூஎஸ்பி பெட்டி போனால் பெரும்பாலும் முழுசையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பேட்டரியில் மட்டும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியில் 84 வாட்-மணி என்று கணக்கு வரும், அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். அந்தப் பாதியில், இழப்பு போக, ஒரு ஸ்மார்ட்போனும் ஒரு கீபேட் போனும் ஏற்றி, டார்ச்சுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் பணம் போட முடிந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி எடை பாதிக்கும் குறைவு, முக்கால்வாசிக்கு மேல் பயன்படுத்தலாம். கன்ட்ரோலரில் அந்த வகைக்கான அமைப்பு இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். மாட்டும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

நான்காவது, சோலாரே இல்லாத சாதா பவர் பேங்க். வெள்ளியங்கிரி ஏறுகிறவருக்கும், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவருக்கும் இதுதான் சரி. நடக்கும்போது முதுகுப் பையில் தொங்கும் பேனல் ஒரு நிமிடம் வெயிலில், மறு நிமிடம் மர நிழலில் இருக்கும், சூரியனை நேரே பார்ப்பதே அபூர்வம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 200 கிராம். அதில் உள்ள 37 வாட்-மணியில் இழப்பு போக, ஒரு ஸ்மார்ட்போனை ஒருமுறை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். சிக்னல் இல்லாத இடத்தில் பிளைட் மோடில் போட்டால் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கிடைக்காரருக்கும் இது ஒன்று கையில் இருக்கட்டும். மேய்ச்சலுக்குப் போகிறவர் மடியில் கட்டிக்கொண்டு போக வேறு எதுவும் தோதுப்படாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனல் பேருக்குத்தான் வேலை செய்யும், அடர்ந்த மேகத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம். அந்த மாதங்களில் பெரும்பாலான கிடைகள் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருக்கும், கரண்டில் ஏற்றிக்கொள்ளலாம். அப்போது 12 வோல்ட் பேட்டரியைச் சும்மா போட்டுவிடாமல் அவ்வப்போது சார்ஜ் போட்டு வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரி காலியாகவே கிடந்தால் அடுத்த தைக்கு எழுந்திருக்காது.