நாலு கச்சானும் என் பூவரசங் கட்டைகளும்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம். வேலை முடிந்து வந்தால் கிண்ணம், சிமிழ், பம்பரம் என்று ஏதாவது கடைவேன். மரத்துக்குக் காசு கொடுப்பதில்லை. மதிலோரத்துப் பூவரசு, வேலிக்கரை வேம்பு, மாரிக்கு முன் தறிக்கிற மாங்கொப்பு, இவைதான். எல்லாம் ஈரம் காயாத பச்சை மரம். தலையிடியும் அதுதான்.

முதல் வருசம் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதம், கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தறித்த பூவரசை அடிக்கணக்கில் அறுத்து, நல்ல காற்று, கெதியாகக் காயும் என்று தகரத்துக்கு மேலே அடுக்கினேன். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு தின்னும்போது மேலே டப் என்று ஒரு சத்தம். ஏறிப் பார்த்தால் பாதிக் கட்டைகள் ஆப்பு இறக்கியது போல நடுவிலிருந்து பட்டை வரை பிளந்து கிடந்தன. பக்கத்து வளவுத் தச்சு மாமா, "கச்சானுக்கு நம்மட உதடே வெடிக்குது மனே, மரம் என்ன செய்யும்?" என்றார்.

ஈரம் வெட்டுமுகத்தால்தான் வேகமாகப் போகும். அதோடு மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உருண்டையாக விட்டால் எங்காவது வெடித்தே தீரும். இப்போது தறித்த அன்றே நடுவால் பிளந்து, வளையங்களின் நடுப்புள்ளியைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெட்டுமுகத்தில் மெழுகுதிரி உருக்கிப் பூசுகிறேன்.

கிண்ணமென்றால் பச்சையிலேயே தடிப்பாகக் கடைந்துவிடுவது இன்னும் நல்லது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட வேண்டும், 20 சென்ரிமீற்றர் கிண்ணத்துக்கு 2. சீவல் நாடா நாடாவாகப் பறக்கும், முகத்தில் சாறு தெறிக்கும், அது ஒரு தனிச் சுகம். பிறகு பழைய பேப்பரில் சுற்றிக் காற்றுப் படாத மூலையில் வைப்பேன். (பாண் என்று நினைத்து அம்மா ஒன்றைப் பிரித்திருக்கிறார்.) காயும்போது அது நீள்வட்டமாகக் கோணும், கோணட்டும், இரண்டாம் தடவை கடையும்போது வட்டமாகிவிடும்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்ப்பது, மணந்து பார்ப்பது எல்லாம் எனக்குச் சரிவரவில்லை. குசினித் தராசுதான் சரி. ஞாயிறுதோறும் நிறுத்து அடியில் பென்சிலால் எழுதுவேன். போன வருசக் கிண்ணமொன்றில் 1240 கிராமில் தொடங்கி, பதினோராம் கிழமை 864, அப்புறம் 862, 862. அசையவில்லை என்றால் காய்ந்தது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருசம் காய வேண்டும் என்கிற கணக்கு குளிர்நாட்டுப் பலகைக்குப் பொருந்தலாம், இங்கே தடிப்பாகக் கடைந்த கிண்ணத்துக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. ஆனால் மாரியில் மட்டும் நம்பாதீர்கள், மார்கழியில் ஒன்று எடை கூடியே இருந்தது.

மாமரம்தான் இன்னும் மல்லுக்கட்டுகிறது. மழைக்காலத்தில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், தப்பினால் பூச்சி அரித்து உளுத்துவிடும். கிடுகுக்கு ஓலை ஊறப்போடுவது போல இரண்டு மாதம் வாவியில் ஊறப்போட்டுப் பார்த்தேன். உளுப்பு இதுவரை இல்லை. ஆனால் அதில் கடைந்த சிமிழைத் திறந்தால் இன்றைக்கும் சேற்று மணம், மனைவி அதை வீட்டுக்குள் எடுப்பதில்லை, ஆணி போட்டு வைக்கக் கொட்டிலுக்கே வந்துவிட்டது.