கிளாம்ப் போதுமா, போல்ட் வேண்டுமா?

பவானிசாகரிலும் மேட்டூரிலும் நமக்குப் பழக்கம் பரிசல்தான். அதில் மோட்டார் மாட்டும் ஆசை மட்டும் வேண்டாம். பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஓரத்தில் கனத்தைத் தொங்கவிட்டால் ஒரு பக்கம் சாயும். முடுக்கினால் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும். படகின் பின்பலகையில் மோட்டாரைத் திருகி இறுக்கும் கிளாம்பால் மாட்டுவதா, துளை போட்டு போல்ட்டால் மாட்டுவதா? ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. அணையில் மோட்டார் ஓட்ட அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளாம்பில் பெரிய வசதி, சாயங்காலம் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 27 கிலோ. ஓர் ஆள் தூக்கலாம், இடுப்பு ஒத்துழைத்தால். குறை என்னவென்றால், அதிர்வில் திருகு தளரும். முதல் வருடம் காலையில் ஒருதரம் முறுக்கிவிட்டு மறந்துபோனேன். நடு அணையில் மோட்டார் கோணிக்கொண்டு நின்றது. படகின் வளையத்தில் தனியாகக் கட்டியிருந்த சங்கிலிதான் காப்பாற்றியது. அன்றிலிருந்து பத்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி முறுக்குகிறேன். “கையில முறுக்குனாப் போதுமுங்க, பைப்பு மாட்டி முறுக்காதீங்க” என்று மெக்கானிக் சொன்னது சரிதான். பைப் போட்டால் திருகின் கைப்பிடி ஒடியும், ஃபைபரும் நசுங்கும்.

போல்ட் போட்டால் இந்தத் தளர்ச்சிப் பயம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் துளை போடுவதில்தான் வில்லங்கம். பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். துளையின் உள்சுவரில் நீர்புகாப் பசை பூசாமல் போல்ட்டைச் செருகினால் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம் வரும். துருப்பிடிக்காத போல்ட், உட்பக்கம் அகலமான வாஷர், தளராத நட்டு, இதில் எதிலும் கஞ்சத்தனம் கூடாது. 15 குதிரைத்திறனைத் தாண்டினால் நான் யோசிக்காமல் போல்ட்தான் சொல்வேன்.

உயரக்கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். விசிறிக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்கவேண்டும். 15 அங்குல உயரப் பின்பலகைக்குக் குட்டைத் தண்டு மோட்டார், 20 அங்குலத்துக்கு நெட்டை. மாற்றி வாங்கினால் எப்படி மாட்டினாலும் சரிவராது.

கோடையில் பவானிசாகரில் தண்ணீர் இறங்கினால் டணாய்க்கன் கோட்டைக் கோயில் தலைகாட்டும். அந்த மாதிரி நாளில் அடியில் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. முன்னோக்கிப் போகும்போது, மோட்டார் மேலே எழும்பாமல் பிடித்துவைக்கும் தூக்குப் பூட்டைத் திறந்தே வையுங்கள். கல்லில் இடித்தால் அது தானாக மேலே எழும்பவேண்டும். கிளாம்ப் தளர்ந்திருந்தால் மோட்டாரே துள்ளித் தண்ணீரில் விழலாம். போல்ட் போட்டது விழாது, ஆனால் பூட்டு மூடியிருந்தால் அடி முழுக்கப் பலகையில் இறங்கும். எது மாட்டினாலும், நீங்கள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும்.

எனக்கு 8 குதிரைத்திறன். கிளாம்பும் சங்கிலியும் போதும். மச்சான் போல்ட் போட்டுவிட்டார். மோட்டாரைக் கழற்ற முடியாததால் காவலுக்கு அவரே படகில் படுத்துக்கொள்கிறார்.