சிமெண்ட் கடனுக்கு, பில் இணையத்துக்கு: பிறையிலிருந்து ஒரு குத்தகைக்காரரின் அனுபவம்

மலேசியாவின் பிறையில் அலுவலகம், வேலை பெரும்பாலும் பினாங்குத் தீவில். பூச்சு, டைல்ஸ், கொஞ்சம் கான்கிரீட் என்று ஓடும் சின்னக் குத்தகை நிறுவனம் எங்களுடையது. பொருள் வாங்குவதும் பில் போடுவதும் என் பொறுப்பு. சில ஆண்டுகளாக ஆன்லைன் கடை, வாட்ஸ்அப், மைஇன்வாய்ஸ் (வரி வாரியத்தின் இலவச மின்-பில் தளம்) என எல்லாவற்றையும் புழங்கியாயிற்று. வாங்குகிற பக்கத்தில் இணையம் எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. உதவியதெல்லாம் பில் பக்கத்தில்தான், அதுவும் பாதி.

டிரில் பிட், சிலிகோன் பசை, கையுறை எல்லாம் ஷோப்பி ஆன்லைன் கடையில் வாங்குகிறோம், குறையில்லை. சிமெண்ட், மணல், பி.ஆர்.சி. கம்பி வலை என்று வந்தால் கதை வேறு. கைப்பேசியில் மூட்டைக்குச் சில சென் குறைவாகத் தெரியும், ஆனால் பணத்தை முதலிலேயே கட்ட வேண்டும். புக்கிட் மெர்த்தாஜம் ஹார்ட்வேர் கடை தௌக்கே (முதலாளி) 60 நாள் கடன் கொடுக்கிறார். எங்களுக்குப் பணம் வருவதே மாதாந்திர கிளெய்முக்கு (செய்த வேலைக்கான பணக்கோரிக்கைக்கு) அப்புறம்தானே! அவர் விற்பது சிமெண்டும் அந்த 60 நாளும் சேர்த்து. அரை லோரி மணல் போதும் என்றாலும் பாலம் தாண்டி அனுப்பி வைப்பார். இதை எந்தச் செயலியும் விலையாகக் காட்டுவதில்லை.

வரைபடம் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. முதன்மைக் குத்தகையாளரிடம் எல்லாக் கோப்பும் ஒழுங்காக இருக்கும் தளம் உண்டு. உள்ளே போக எங்களைப் போன்றவர்களுக்கு அனுமதி கிடையாது. யாரோ திரையைப் படம் பிடித்துக் குழுவில் போடுவார்கள், அளவு எண் மங்கிப் போயிருக்கும். இப்போது பி.டி.எஃப். கோப்பாக, எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் எழுத்து பெயரிலேயே இருந்து வந்தால்தான் சைட்டுக்கு அனுப்புகிறேன். முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் அனுப்புகிறார்கள்.

இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்தின் தளம் வழியாகப் போடும் பில், முதலில் வந்தது பெரிய நிறுவனங்களுக்கு. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல், 10 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடைப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல். தொடக்கச் சலுகைக் காலம் போக, கட்டுமானக் குத்தகை பில்களை மாதக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து அனுப்ப முடியாது, ஒவ்வொன்றும் தனி. இலவசத் தளமே எங்களுக்குப் போதும், தட்டச்சு செய்யத்தான் அலுப்பு. ரிட்டென்ஷன் பிடித்தத்தை (உத்தரவாதமாக நிறுத்தி வைக்கும் பணத்தை) கழித்துப் போடு என்று ஒருவர், கழிக்காமல் போடு என்று இன்னொருவர்.

நல்லது என்னவென்றால், பில்லுக்கு எண்ணும் கியூஆர் குறியீடும் தேதியும் கிடைக்கின்றன. தளத்தில் பில்லை நிராகரிக்கக் கேட்க வாங்குபவருக்கு 72 மணி நேரம்தான். “உங்க பில் வரவே இல்லையே” என்ற பழைய பாட்டு நின்றுவிட்டது. ஆனால் இழுத்தடிப்பு நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. “எங்க கியூ.எஸ். சரிபார்த்த பிறகு இ-இன்வாய்ஸ் போடுங்க” என்கிறார்கள். கியூ.எஸ். என்றால் வேலையின் அளவையும் மதிப்பையும் கணக்கிடுபவர். அந்தச் சரிபார்ப்புக்கு எந்த மணிக்கணக்கும் இல்லை.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 72 மணி நேரத்தில் நிராகரிக்கவில்லை என்றால் பணம் தர ஒப்புக்கொண்டதாக ஆகாது. பணத்தைக் கேட்டு வாங்க 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள சிபாவைத்தான் பிடிக்க வேண்டும், அதாவது 2012ஆம் ஆண்டின் கட்டுமானப் பணக்கொடுப்பு, தீர்ப்புச் சட்டம். அதன்படி கிளெய்ம் கடிதத்தில் தொகை, கட்ட வேண்டிய தேதி, ஒப்பந்த விதி, செய்த வேலையின் விவரம், இந்தச் சட்டத்தின் கீழ்தான் கேட்கிறோம் என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். வெறும் இ-இன்வாய்ஸில் அந்தக் கடைசி வரி வராது. கடிதம் போனால், மறுப்பவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். “மேலே இருந்து பணம் வந்தால் தருகிறோம்” என்ற நிபந்தனையும் அந்தச் சட்டத்தில் செல்லாது. வாடிக்கை கெட்டுவிடுமே என்று எல்லோரும் தயங்குகிறார்கள், நானும் சும்மா அனுப்புவதில்லை.

கிளெய்மில் தகராறு வந்தால் கடைசியில் கேட்பது லோரிக்காரர் கொண்டுவரும் டி.ஓ. என்ற சரக்கு ஒப்படைப்புத் தாளைத்தான். மழையில் நனைந்து, யார் கையெழுத்து என்றே தெரியாத தாள். “தம்பி, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ” என்று சைட் மேற்பார்வையாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இ-இன்வாய்ஸில் டி.ஓ. எண்ணையும் போட்டு அனுப்பும்படி சப்ளையர்களைக் கேட்டேன். சிலர் போடுகிறார்கள், தௌக்கே மட்டும் இன்னும் “நாளைக்குப் பார்க்கலாம்” என்கிறார்.